‘பிசியோதெரபி தொடரவும்’ என்ற வரிக்குப் பிறகு: செட்டிநாட்டுப் பக்கம் மறுவாழ்வு மருத்துவரைத் தேடுவது எப்படி

பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி கொடுப்பார்கள். ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எல்லாம் வேளைக் கணக்கோடு இருக்கும். கடைசி வரி மட்டும் ‘பிசியோதெரபி தொடரவும்’ என்று மொட்டையாக நிற்கும். எந்த மூட்டுக்கு, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், எதைச் செய்யவே கூடாது, முன்னேற்றம் நின்றுபோனால் யாரிடம் போவது என்று எதுவும் இருக்காது. அந்த ஒரு வரியை விரித்து எழுதுவதற்கென்றே ஒரு மருத்துவத் துறை இருக்கிறது. ‘பிசிக்கல் மெடிசின் அண்ட் ரீஹேபிலிடேஷன்’ என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து பி.எம்.ஆர். என்பார்கள். தமிழில் மறுவாழ்வு மருத்துவம்.

இந்தத் துறையைத் தேடுகிறவர்களுக்கு முதல் இடைஞ்சல் அந்தத் தமிழ்ப் பெயர்தான். காரைக்குடியில் நின்றுகொண்டு கைபேசியில் ‘மறுவாழ்வு மையம்’ என்று தேடினால் குடிப்பழக்கத்திலிருந்து மீட்கும் மையங்கள் வரிசையாக வரும். இலங்கைத் தமிழர் முகாம்களுக்கும் மறுவாழ்வு முகாம் என்றுதான் பெயர். ‘இயன்முறை மருத்துவம்’ என்று தேடினால் பிசியோதெரபி கிளினிக்குகள் வரும். ‘நரம்பு டாக்டர்’ என்று கேட்டால் நியூராலஜிஸ்ட்டைக் காட்டுவார்கள். இவர்களில் யாரும் நீங்கள் தேடுகிற ஆள் இல்லை. ஆங்கிலத்தில் இந்த மருத்துவரின் பெயரான ‘பிசியாட்ரிஸ்ட்’ என்று தேடினாலும் மனநல மருத்துவரின் பெயர் வந்து நிற்கலாம். ‘பி.எம்.ஆர். டாக்டர்’ என்று தேடுவதும் கேட்பதும்தான் பலன் தரும்.

யார் எந்த வேலைக்கு என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். பி.எம்.ஆர். மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மூன்றாண்டு எம்.டி. அல்லது டி.என்.பி. படித்தவர். மூத்த தலைமுறையில் டிப்ளமோ முடித்தவர்களும் உண்டு. மருந்து எழுதுவார், ஊசி போடுவார், கை காலைத் தாங்கும் பிரேஸும் செயற்கைக் காலும் எழுதிக்கொடுப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், பிரேஸ் செய்பவர் என்று நாலு பேர் செய்யும் வேலையை ஒரே திட்டத்துக்குள் கொண்டுவருவார். பிசியோதெரபிஸ்ட் நாலரை ஆண்டு பி.பி.டி. படித்தவர். தினசரிப் பயிற்சி அவர் கையில்தான். இருவரில் யார் பெரியவர் என்ற கேள்வியே வேண்டாம். வீட்டு வரைபடம் போடுகிறவரும் சுவர் எழுப்புகிற கொத்தனாரும் போல இருவரும் வேண்டும். நம் பக்கத்தில் கொத்தனார் கிடைத்துவிடுகிறார், வரைபடம்தான் இல்லாமல் போகிறது.

எல்லாருக்கும் இந்த மருத்துவர் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாதாரண முதுகுப் பிடிப்பு, தேய்மானத்தால் வரும் முழங்கால் வலி, கை எலும்பு முறிந்து கட்டுப் பிரித்த பிறகான விறைப்பு ஆகியவற்றுக்கு ஊரிலுள்ள எலும்பு மருத்துவரும் நல்ல பிசியோதெரபிஸ்ட்டும் பெரும்பாலும் போதும். பக்கவாதம், தலைக்காயம், தண்டுவடக் காயம், கால் அகற்றிய பிறகு, குழந்தைகளின் பெருமூளை வாதம், நாள்பட்ட தசை இறுக்கம், ஐ.சி.யூ.வில் வாரக்கணக்கில் கிடந்து சக்தி போனவர்கள் என்று உடலின் பல வேலைகள் ஒன்றாகக் கெட்டுப்போகும் இடங்களில்தான் இவர் வேண்டும். இன்னொன்று: முகம் கோணுவது, கை தொங்குவது, பேச்சு குழறுவது இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள். மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு முதல் நாலரை மணி நேரம்தான் கணக்கு. அதில் ஒவ்வொரு நிமிஷமும் மூளையின் ஒரு பகுதி. மறுவாழ்வு மருத்துவர் அதற்குப் பிறகு வருகிறவர்.

எங்கே போவது

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், சிங்கம்புணரிப் பக்கத்தவர்களுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி 2012-இல் தொடங்கிய சிவகங்கை. பொன்னமராவதி, திருமயம், அரிமளம், ராயவரம் பக்கத்தவர்களுக்கு 2017-இல் தொடங்கிய புதுக்கோட்டை. கல்லூரி இருப்பதாலேயே அங்கே பி.எம்.ஆர். துறையும் இருக்கும் என்று நினைத்துக் காரை எடுத்துவிடாதீர்கள். 2023-இல் தேசிய மருத்துவ ஆணையம் இளநிலைப் படிப்புக்கு வெளியிட்ட விதிகளில், கல்லூரியில் கட்டாயம் இருக்க வேண்டிய துறைகளின் பட்டியலில் பி.எம்.ஆர். இடம்பெறவில்லை. ஆகவே ஒரு கல்லூரியில் துறை முழுமையாக இயங்கலாம், இன்னொன்றில் ஒரே ஒரு மருத்துவர் இருக்கலாம், அவரும் மாற்றலில் போயிருக்கலாம். முதல் நாளே போன் செய்து கேட்பதுதான் வழி.

கேட்கும் விதமும் முக்கியம். ‘பிசியோ இருக்கா?’ என்றால் ‘இருக்கு, வாங்க’ என்றுதான் பதில் வரும். அது பொய்யும் அல்ல, பிசியோ பிரிவு இருக்கத்தான் செய்யும். ‘பி.எம்.ஆர். டாக்டர், எம்.டி. படித்தவர், ஓ.பி.யில் எந்தெந்தக் கிழமை உட்கார்கிறார்? இந்த வாரம் லீவில் இருக்கிறாரா?’ என்று கேளுங்கள். அரசு ஓ.பி. காலையில்தான் நடக்கும். பதினோரு மணிக்குப் போய்ச் சீட்டு வாங்கினால் அந்த நாள் வீண். போன் எடுக்கவில்லை என்றால் 104 சுகாதார உதவி எண்ணில் விசாரிக்கலாம்.

அங்கே சரிவராவிட்டால் அடுத்தது மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை, திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. காரைக்குடியிலிருந்து இரண்டுமே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். இரண்டு நகரங்களிலும் பெரிய தனியார் மருத்துவமனைகளில் இந்தத் துறை மருத்துவர்களைத் தேடலாம். தூரத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். இந்த மருத்துவரைத் தினமும் பார்க்க வேண்டியதில்லை. முதல் மூன்று மாதத்தில் மூன்று தடவை, பிறகு மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை என்றால் பலருக்குப் போதும். 90 கிலோமீட்டர் பயணத்தால் நோயாளிக்குக் கெடுதல் இல்லை. ‘கொஞ்சம் தேறட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போகலாம்’ என்று ஆறு மாதம் தள்ளிப்போடுவதுதான் கெடுதல். பக்கவாதத்தில் மீட்சி வேகமாக நடப்பது முதல் மூன்று மாதம். ஆறு மாதத்துக்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு, ஆனால் அதே உழைப்புக்குக் கிடைக்கும் பலன் குறைவு. அந்த மூன்று மாதத்தைப் புறா ரத்தம் தடவுவதிலும் ‘ஒரே ஊசியில் நடக்க வைக்கிறேன்’ என்கிறவரிடம் காத்திருப்பதிலும் தொலைத்த குடும்பங்கள் நம் பக்கம் ஏராளம். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சரியான கதவு எது என்று யாருமே சொல்லாதபோது, திறந்திருக்கும் கதவுக்குள் நுழைவது இயல்புதான்.

தண்டுவடக் காயம் மட்டும் வேறு கணக்கு. தென்னை, பனை மரத்திலிருந்து விழுந்தவர்கள், பைக் விபத்தில் முதுகெலும்பு உடைந்தவர்கள் ஆகியோருக்கு ஓ.பி. போதாது. உள்ளே தங்கிச் சில வாரங்களோ மாதங்களோ பயிற்சி பெற வேண்டும். சிறுநீர், மலம், படுக்கைப்புண், சக்கர நாற்காலிக்கு மாறுவது என்று ஒவ்வொன்றையும் கற்றுக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் இந்த வேலையைச் செய்கிறது. கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது அது. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் 1966-இலிருந்து இயங்குகிறது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்து, பிறகு நியூயார்க் போய் இந்தத் துறையைப் படித்துத் திரும்பினார். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் இருக்கிறது. செயற்கை அவயவம், பிரேஸ் வேலைகளுக்கு அரசுத் தரப்பில் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய இடம் அது.

படிப்பைச் சரிபார்ப்பது

பலகையில் ‘ரீஹேப்’ என்று இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மருந்துச் சீட்டில் பெயருக்குப் பின்னால் எம்.டி. (பி.எம்.ஆர்.) அல்லது டி.என்.பி. (பி.எம்.ஆர்.) இருக்கிறதா, மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்திலோ தேசிய மருத்துவப் பதிவேட்டிலோ போட்டால் பெயர் வரும். சில வாரச் சான்றிதழ் படிப்பும் மூன்றாண்டு முதுநிலைப் படிப்பும் ஒன்றல்ல. 1972-இல் தொடங்கிய இந்திய பி.எம்.ஆர். மருத்துவர் சங்கத்தில் உறுப்பினரா என்று கேட்டுப் பார்ப்பதும் ஒரு வழி. நேராகக் கேட்பதில் தப்பே இல்லை. ‘டாக்டர், நீங்க பி.எம்.ஆர். முடிச்சவங்களா?’ என்று மரியாதையாகக் கேட்டால் நல்ல மருத்துவர் யாரும் கோபிக்க மாட்டார்.

படிப்பு இருந்தும் வேலை சரியில்லாமல் போகலாம். முதல் சந்திப்பிலேயே அதைக் கண்டுபிடித்துவிடலாம். நல்ல மறுவாழ்வு மருத்துவர் நோயாளியை உட்கார வைப்பார், நிற்க வைப்பார், முடிந்தால் நாலு அடி நடக்க வைப்பார். ஒவ்வொரு மூட்டையும் தன் கையால் அசைத்து, எங்கே பிடிக்கிறது என்று பார்ப்பார். தோள்பட்டை இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். தண்ணீர் குடிக்கும்போது இருமல் வருகிறதா என்று கேட்பார். வீட்டில் யார் இருக்கிறார்கள், கக்கூஸ் எங்கே, எத்தனை படி என்று கேட்பார். இவை ஒன்றும் நடக்காமல், ஐந்து நிமிஷத்தில் ‘முப்பது நாள் பேக்கேஜ்’ என்று ரசீது போட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கையில் என்ன கொண்டுபோவது

ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் போதாது, ஃபிலிமோ சி.டி.யோ வேண்டும். மாத்திரைகளை எழுதிக் கொண்டுபோவதைவிட அட்டைகளையே ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பார்த்துக்கொள்கிறவர் கட்டாயம் கூட வர வேண்டும். சிங்கப்பூரிலிருந்து மகன் வந்திருக்கிறார், அவர் கூட்டிப்போவார், வேலைக்காரம்மா வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று செய்வது நம் பக்கம் வழக்கமாக நடக்கும் தவறு. மகன் பத்து நாளில் விமானம் ஏறிவிடுவார். ஐயாவைத் தினமும் தூக்கி உட்காரவைக்கப் போவது அந்த அம்மாதான். மருத்துவர் சொல்லிக்கொடுப்பது அவர் காதில் விழ வேண்டும், அவர் கை பழக வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் வீடியோ காலில் சேர்ந்துகொள்ளலாம். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலுக்குப் பிறகு, நேரில் ஒருமுறை பார்த்த நோயாளியின் தொடர் ஆலோசனையைப் பல மருத்துவர்கள் வீடியோவிலேயே நடத்துகிறார்கள்.

கைபேசியில் நாலு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் அரை நிமிஷம் போதும். படுக்கையிலிருந்து எழுந்து உட்காருவது, நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது, பக்கவாட்டிலிருந்து எடுத்த நடை, சாப்பிடுவது. வழியில் களைத்துப்போய் ஓ.பி.யில் ஒத்துழைக்காதவர்களுக்கு இந்த வீடியோதான் பேசும். வீட்டை அளக்கவும் ஒரு டேப் வேண்டும்: படுக்கையறைக் கதவின் அகலம், நிலைப்படியின் உயரம், வாசல் படிகளின் எண்ணிக்கையும் உயரமும், கட்டிலின் உயரம், கக்கூஸின் புகைப்படம். இதையெல்லாம் எழுதிய ஒற்றைத் தாள் மருத்துவர் கையில் இருந்தால் ஆலோசனை உங்கள் வீட்டுக்குப் பொருந்தும், இல்லாவிட்டால் ஏதோ ஒரு ஃபிளாட்டுக்குச் சொன்னது போல இருக்கும்.

உடை விஷயமும் உண்டு. முழங்காலும் தோளும் பார்க்க முடிகிற மாதிரி தளர்வாக வரட்டும். வீட்டில் போடும் செருப்பையே போட்டு வரட்டும். வழுக்கிவிடுவது பெரும்பாலும் அந்தச் செருப்புதான்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியதில் தலையாயது, ‘அடுத்த மூன்று மாதத்துக்குள் எதைச் செய்ய வைக்கப் பார்க்கிறோம்?’ என்பது. ‘நல்லா ஆயிடும்’ என்பது பதில் அல்ல. ‘கைத்தடியோடு வளவை, அதாவது முற்றமுள்ள நடுக்கட்டைச் சுற்றி ஒரு நடை’, ‘ஒருவர் துணையோடு கக்கூஸ்’, ‘இடது கையால் தானே சாப்பிடுவது’ என்பவை பதில்கள். அடுத்து, எதைச் செய்யக்கூடாது என்று கேளுங்கள். மூன்றாவது, ஊர்ப் பிசியோதெரபிஸ்ட்டுக்கு ஒரு கடிதம். அதில் பயிற்சியின் பெயர், எண்ணிக்கை, எச்சரிக்கை, அடுத்த ரிவ்யூ தேதி எல்லாம் இருக்கட்டும். இந்தக் கடிதம் இல்லாமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

எது கெட்டுப்போகிறது, ஏன்

முதலில் தோள். பக்கவாதத்தில் கை செத்துக் கிடக்கும் வாரங்களில் தோள் மூட்டைப் பிடித்துவைத்திருக்கும் தசைகள் தளர்ந்து, கையின் எடையே மூட்டைக் கீழே இழுக்கும். அந்த நேரத்தில் அன்பாக அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும், விழுந்த கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பதும் தோளைக் கிழிக்கிற வேலை. இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடித்துத் தூக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பழைய வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டலாம். உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கை தலையணைமேல் இருக்கட்டும், தொங்க வேண்டாம். கப்பி போட்டுக் கயிறு இழுக்கும் பயிற்சியைத் தலைக்குமேல் செய்யச் சொன்னால், மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். விழுந்த தோளுக்கு அது பெரும்பாலும் கெடுதல்.

அடுத்து இறுக்கம். முதலில் தொளதொளவென்று இருந்த கை சில வாரங்களில் முழங்கை மடங்கி, விரல் மூடி இறுகும். குடும்பம் இதைச் சக்தி வருகிறது என்று நினைத்துச் சந்தோஷப்படும். ரப்பர் பந்தைக் கொடுத்து ‘பிடி, பிடி’ என்பார்கள். விரல் ஏற்கெனவே மூடும் பக்கம் இறுகியிருக்கிறது, பந்து அதைக் கூட்டும். விரிப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். இறுக்கம் கூடினால் பக்லோஃபென் போன்ற மாத்திரை தருவார்கள். அது தீர்ந்துவிட்டால் ‘திங்கள்கிழமை வாங்கிக்கலாம்’ என்று விட்டுவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். ஒன்றிரண்டு தசைகளில் மட்டும் இறுக்கம் என்றால் போட்டாக்ஸ் ஊசி உண்டு. சில நாட்களில் வேலை செய்ய ஆரம்பித்து மூன்று நாலு மாதம் நிற்கும். விலை கூடிய மருந்து. ஊசி போட்ட அந்த மாதங்களில் பயிற்சியும் கையை விரித்துவைக்கும் ஸ்பிளின்ட்டும் கூடவே நடக்காவிட்டால் போட்ட பணம் வீண். பி.எம்.ஆர். மருத்துவர் இருப்பதன் அருமை இங்கேதான் தெரியும். எந்தத் தசை, எவ்வளவு, பிறகு என்ன பயிற்சி என்பதை ஒரே ஆள் முடிவுசெய்கிறார்.

மூன்றாவது, கரண்ட். ஊர்க் கிளினிக்குகளில் முக்கால் மணி நேரம் மெஷின், ஐந்து நிமிஷம் பயிற்சி என்று நடப்பதுண்டு. மின்தூண்டலுக்கு இடம் உண்டு, வலிக்கு ஒத்தடத்துக்கும் இடம் உண்டு. ஆனால் பக்கவாதத்தில் மூளை திரும்பக் கற்றுக்கொள்வது, நோயாளி தானே முயன்று திரும்பத் திரும்பச் செய்யும் வேலையில்தான். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தாங்கக்கூடியவர்களுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம், வாரம் ஐந்து நாள் பயிற்சி என்கிறது. நம் ஊரில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் அரை மணி நேரம் தருவார். மீதியை வீடு தர வேண்டும். வெங்காயம் உரிப்பது, பூக் கட்டுவது, கொடியில் துணி எடுப்பது, நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருவது எல்லாமே பயிற்சிதான். அப்பத்தாவை ‘நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கிறோம்’ என்று உட்காரவைப்பது பாசம். ஆனால் அந்தப் பாசம் அவர் காலை எடுத்துவிடும்.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். சாப்பிடும்போது இருமினால், குரல் ஈரமாகக் கரகரத்தால் உணவு மூச்சுக்குழாய்க்குப் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். கஞ்சி கொடுத்துச் சமாளிக்காமல் விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவருக்கு முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது. மூட்டு மடங்கியே இறுகிவிட்டால் செயற்கைக் கால் பொருத்துவது மிகக் கஷ்டம். சிரிக்காமல், பேசாமல், சுவரைப் பார்த்தே கிடந்தால் அது பிடிவாதம் அல்ல, பக்கவாதத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் மருந்து இருக்கிறது.

எலும்பு முறிவுக்குக் கட்டு வைத்தியரிடம் போகிற வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. கட்டுப் போட்ட பிறகு விரல் நீலமாகி, மரத்து, வலி தாங்க முடியாமல் போனால் மறுநாள் வரை பொறுக்காதீர்கள். கட்டை உடனே தளர்த்தி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சில மணி நேரம் ரத்தம் போகாமலிருந்தால் தசை செத்து, கை நிரந்தரமாக முடங்கிவிடும். அந்தக் கையை எந்த மறுவாழ்வு மருத்துவராலும் முழுதாக மீட்க முடியாது.

அரசு வழிகள்

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிய வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறைதான் வருவார்கள் என்றாலும் மருத்துவர் தந்த கடிதத்தை அவர்களிடம் காட்டுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு யு.டி.ஐ.டி. என்ற ஒருங்கிணைந்த இணையதளத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் அளவீடு செய்துகொள்ள வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைக் கணக்கில் எடுக்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீத ஊனம் அடிப்படை. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். சக்கர நாற்காலி, காலில் மாட்டும் காலிப்பர், செயற்கைக் கால் ஆகியவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். மனுவோடு பி.எம்.ஆர். மருத்துவர் அளவுகளோடு எழுதிய சீட்டை வையுங்கள். முகாமில் எல்லாருக்கும் ஒரே அளவில் தரும் நாற்காலி இடுப்புக்குப் பொருந்தாவிட்டால் முதுகு வளையும், புண் வரும். உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலத்தோடு ஓரிரு அங்குலம் கூட்டினால் அதுவே இருக்கையின் அகலம்.

வீடு

செட்டிநாட்டு வீட்டை இப்படிப்பட்ட நோயாளிக்காக யாரும் கட்டவில்லை. முகப்பில் ஐந்தாறு படி, ஒவ்வொரு நிலைக்கும் தாண்டவேண்டிய நிலைப்படி, வளவைச் சுற்றி நடை, நடுவில் தாழ்ந்த முற்றம், கடைசிக் கட்டைத் தாண்டிக் கக்கூஸ். ஆத்தங்குடிக் கல் காய்ந்திருந்தால் நல்ல தளம். தண்ணீரோ எண்ணெயோ பட்டால் அதே கல் வழுக்குப் பாறை. நோயாளி நடக்கும் பாதையை மட்டுமாவது தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டாம். கைத்தடி, வாக்கரின் அடி ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள், சில ரூபாய்தான். கைத்தடியை நல்ல கையில் பிடிக்க வேண்டும். நேராக நிற்கும்போது பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில்.

மூளையின் வலப்பக்கம் அடிபட்ட சிலருக்கு இடப்பக்கம் ஒன்று இருப்பதே புலப்படாது. கண் நன்றாகத் தெரியும், ஆனால் கவனம் அந்தப் பக்கம் போகாது. அவரை வளவில் நடக்கவிடும்போது முற்றம் அவருக்கு வலப்பக்கம் வருகிற மாதிரி சுற்றவிடுங்கள். இடப்பக்கம் வந்தால் விளிம்பு தெரியாமல் உள்ளே விழுந்துவிடுவார்.

குளியலறைக் கைப்பிடியைப் பழைய சுண்ணாம்புச் சுவரில் சின்ன திருகாணி வைத்து மாட்டினால் சாந்தோடு பெயர்ந்து வரும், அதுவும் முழு எடையையும் போட்ட நேரத்தில். செங்கல் வரைக்கும் போகும் நீளமான ஆங்கர் வேண்டும். இல்லாவிட்டால் தரையில் ஊன்றிய குழாய்ச் சட்டம் நல்லது. இரவில் கடைசிக் கட்டுக்கு நடக்கவைக்காதீர்கள். படுக்கைக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலி வையுங்கள். கௌரவம் பார்க்கிற பெரியவர்களிடம் ‘ராத்திரிக்கு மட்டும்’ என்று சொல்லிப் பாருங்கள்.

சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பலகை போடுவதானால் கணக்கு இது: ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். இரண்டு அங்குல நிலைப்படிக்கு இரண்டு அடி ஆப்புப் பலகை போதும். முகப்பில் ஏழு அங்குலப் படி ஐந்து இருந்தால் 35 அடி நீளம் வேண்டும், தெருவையே தாண்டிவிடும். நல்லவேளையாக நம் வீடுகளில் பல ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை போகின்றன, பின்வாசல் பெரும்பாலும் தாழ்வாக இருக்கும். நோயாளியைக் கடைசிக் கட்டுக்குப் பக்கத்து அறைக்கு மாற்றி, கக்கூஸையும் அருகில் வைத்து, பின்வாசலில் ஒரு பலகை போட்டு, காரைப் பின்தெருவில் நிறுத்துங்கள். எட்டு அங்குலப் படிக்கு எட்டு அடிப் பலகை போதும். அளக்கும்போது கதவின் உள் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். 18 அங்குல இருக்கை உள்ள நாற்காலி வெளிச்சக்கரத்தோடு ஏறக்குறைய 26 அங்குலம் வரும்.